பருத்திக்காட்டுப் பள்ளிக்கூடங்கள்

மெம்ஃபிஸுக்குத் தெற்கே

மெம்ஃபிஸ் நகரத்தின் கடைசிக் கிடங்குகளைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் 61ஆம் எண் நெடுஞ்சாலை ஒரு சரிவில் இறங்குகிறது. அதற்கப்புறம் மேடு என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. கிழக்கே யாஸூ ஆற்றை ஒட்டிய குன்றுகள், மேற்கே மிசிசிப்பி ஆறு. நடுவில், தெற்கே விக்ஸ்பர்க் வரை சுமார் 200 மைல் நீளத்துக்கு, ஆறு காலங்காலமாகப் புரண்டு கொட்டிய வண்டல். இந்த நிலத்தைத்தான் மிசிசிப்பி டெல்டா என்கிறார்கள். நாங்கள் போனது அக்டோபரில். இலைகளை மருந்தடித்து உதிர்த்துவிட்டிருந்தார்கள். குச்சியும் பஞ்சுமாக இரு பக்கமும் வெடித்து நின்றது பருத்தி.

நான் சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. மடி கட்டிக்கொண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நிற்கும் பருத்திக்காடுதான் எனக்குத் தெரியும். இங்கே மைல் கணக்கில் போயும் ஒரு தலைகூடத் தென்படவில்லை. தனியாக ஓர் இயந்திரம் ஒரே நேரத்தில் பல சால்களை வாரி எடுத்து, உருட்டி, மஞ்சள் பிளாஸ்டிக்கில் சுற்றி, ஆளுயரத்துக்கும் மேலான உருளைகளாகக் காட்டோரம் போட்டுவிட்டு நகர்ந்தது. இவ்வளவு விளைகிற மண்ணில் ஏன் இத்தனை ஏழைகள் என்று கேட்டால், அந்த இயந்திரத்திலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

காரை ஓட்டியவள் என் தங்கை மகள். நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்து பொருளாதாரம் படித்தவள். கூடப் படித்தவர்கள் வங்கிகளுக்கும் ஆலோசனை நிறுவனங்களுக்கும் போனபோது இவள் 'டீச் ஃபார் அமெரிக்கா' அமைப்பில் சேர்ந்தாள். புதிதாகப் பட்டம் பெற்றவர்களைத் தேர்ந்தெடுத்து, வசதியற்ற பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்கு இரண்டு ஆண்டு ஆசிரியர்களாக அனுப்புகிற அமைப்பு அது. டெல்டாவின் ஒரு சின்ன ஊரில் நான்காம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறாள். இது அவளுக்கு இரண்டாம் ஆண்டு. விருதுநகர் மாவட்டத்து அரசுப் பள்ளிகளிலேயே என் வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. ஓய்வு பெற்ற கையோடு அவளுடைய வகுப்பறையைப் பார்க்க வேண்டும் என்று கிளம்பி வந்துவிட்டேன்.

"நேரா ஸ்கூலுக்குப் போக வேண்டாம் பெரியம்மா. முதல்ல இந்த ஊர்களைப் பாருங்க. அப்புறம் என் கிளாஸுக்கு வந்தாதான் உங்களுக்குப் புரியும்" என்றாள். அப்படித்தான் ஆற்றைக் கடந்து அர்க்கன்சாஸ் பக்கம் போனோம்.

ஹெலினா

பாலத்தின் மேலிருந்து பார்த்தால் மிசிசிப்பி பழுப்பாக, அவசரமில்லாமல், அகன்று போகிறது. எதிர்க்கரையில் ஹெலினா. ஒரு காலத்தில் பருத்தி மூட்டைகள் படகேறிய துறைமுகம். இன்று கடைவீதியான செர்ரி தெருவில் செங்கல் கட்டடங்கள் பல பலகை அடித்துக் கிடக்கின்றன. திறந்திருந்த ஒரு கடையில் காப்பி குடித்தோம். கடைக்காரப் பெண்மணி, "ஆசிரியர்களா?" என்றுதான் முதலில் கேட்டார். வெளியூர் இளம் முகம் ஒன்று இந்த ஊருக்குள் வந்தால் அது ஆசிரியர் வேலைக்குத்தான் வந்திருக்கும் என்று அவருக்குப் பழகிப்போயிருக்கிறது.

'டீச் ஃபார் அமெரிக்கா'வுக்காக வாதாடுகிறவர்கள் ஹெலினாவை அடிக்கடி சொல்வார்கள். 1992இல் ஹூஸ்டனுக்கு இப்படி ஆசிரியர்களாகப் போன டேவ் லெவின், மைக் ஃபைன்பெர்க் என்ற இருவர் 1994இல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனையைத் தொடங்கினார்கள். அது 'கிப்' என்ற பெயரில் நாடு முழுதும் பள்ளிகளாக வளர்ந்தது. இதேபோல ஆசிரியரான ஸ்காட் ஷைரி 2002இல் இங்கே ஹெலினாவில் ஒரு 'கிப்' பள்ளியைத் திறந்தார். இரண்டு ஆண்டுக்கு வந்தவர்கள் வேர் பிடித்ததற்கு இவர்கள் சாட்சி.

ஹெலினாவுக்கே இன்னொரு சாட்சியும் உண்டு. தைவானிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகள் மிஷெல் குவோ. ஹார்வர்டில் படித்தவர். 2004இல் இந்த ஊருக்கு வந்து, மற்றப் பள்ளிகள் கைவிட்ட பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியில் வகுப்பெடுத்தார். பேட்ரிக் என்ற மாணவன் அவரிடம் எழுதக் கற்றான், கவிதை படித்தான். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவர் சட்டம் படிக்கப் போய்விட்டார். சில ஆண்டுகள் கழித்து, அந்தப் பையன் ஒரு கொலை வழக்கில் சிறையில் இருப்பதாகத் தெரிந்தது. குவோ திரும்பி வந்தார். மாதக்கணக்கில் மாவட்டச் சிறையில் அவனோடு உட்கார்ந்து புத்தகம் படித்தார். 2017இல் அதையே நூலாக எழுதினார். தான் போகாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த நூல் நெடுகத் தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறார்.

என் தங்கை மகள் இங்கே வருவதற்கு முன்பே அதைப் படித்திருக்கிறாள். "அதைப் படிச்சிட்டுத்தான் பெரியம்மா நான் பயந்தேன்" என்றாள். பிள்ளைகளைப் பார்த்தல்ல, இரண்டாம் ஆண்டு முடிகிற மே மாதத்தை நினைத்துத்தான் பயமாம்.

கிளார்க்ஸ்டேல்

தங்கிய விடுதி ஒரு குஜராத்திக் குடும்பத்தினுடையது. டெல்டாவில் பல விடுதிகள் அவர்கள் கையில்தான் இருக்கின்றன. மீரா நாயர் 1991இல் எடுத்த 'மிசிசிப்பி மசாலா' படமே இங்கிருந்து சற்றுத் தள்ளியுள்ள கிரீன்வுட்டில் நடக்கிற கதை. முதலாளி என்னைப் பார்த்ததும் இஞ்சி தட்டிப் போட்ட டீ கொண்டுவந்து வைத்தார். ஜூலைக் கடைசியில் இளம் பிள்ளைகள் பெட்டியோடு வந்து, வாடகை வீடு கிடைக்கும்வரை தன்னிடம் தங்குவதையும், பலர் இரண்டாவது கோடையிலேயே காரில் சாமான் ஏற்றுவதையும் சொன்னார். "நல்ல பிள்ளைகள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விளக்கெரியும். பேப்பர் திருத்திக்கொண்டிருப்பார்கள்."

ஊருக்கு வெளியே ஹாப்சன் பண்ணை. விதைப்பு முதல் அறுவடை வரை முழுக்க இயந்திரத்தால் ஒரு பருத்தி விளைச்சல் முதன்முதலில் 1944இல் எடுக்கப்பட்டது இங்கேதான். அதற்கு முன்பே சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் ரயிலேறத் தொடங்கியிருந்த கறுப்பின மக்கள், அதற்குப் பிறகு குடும்பம் குடும்பமாகக் கிளம்பினார்கள். பங்குக்கு உழுதவர்கள் நிலத்துக்குத் தேவையில்லாதவர்கள் ஆனார்கள். நிலம் இல்லை, கடனுக்கு மேல் கடன். போக முடியாதவர்களும் போக மனமில்லாதவர்களும் தங்கினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்தப் பள்ளிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். வயலில் வேலை இல்லை, ஆலைகளும் சொற்பம். படித்தவன் மெம்ஃபிஸுக்கோ ஜாக்சனுக்கோ போய்விடுகிறான். ஆசிரியர் பயிற்சி முடித்தவனும் அப்படித்தான் போகிறான். 1998இல் மிசிசிப்பி அரசு ஆசிரியர் தட்டுப்பாட்டுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது.

இரவு தமாலே சாப்பிட்டோம். சோளமாவுக்குள் மசாலா இறைச்சி வைத்து, சோளத்தோகையில் சுருட்டி, காரமான குழம்பில் வேகவைக்கிறார்கள். கட்டுக் கட்டாக, கயிறு கட்டித்தான் தருகிறார்கள். பருத்தி எடுக்க வந்த மெக்சிகோ தொழிலாளர்களிடமிருந்து கறுப்பினத் தொழிலாளர்கள் கற்றுக்கொண்டதாம். வாளியில் போட்டு வயலுக்குக் கொண்டுபோனால் மதியம்வரை சூடு ஆறாதாம். அமெரிக்காவில் கால் வைத்த பிறகு என் நாக்கு கண்ட முதல் உறைப்பு அது.

கிளீவ்லாந்து

வழியில் மவுண்ட் பாயூ. அடிமைகளாக இருந்தவர்கள் 1887இல் காட்டை வெட்டித் தங்களுக்கென்று நிறுவிக்கொண்ட ஊர். அதைத் தாண்டினால் கிளீவ்லாந்து, டெல்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர். நாட்டின் பல கல்லூரிகளிலிருந்து வந்த பட்டதாரிகளை 'டீச் ஃபார் அமெரிக்கா' பல கோடைகாலங்கள் இந்த வளாகத்தில்தான் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தது. புல்வெளியோரம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து இந்த ஏற்பாடு பிறந்த கதையைப் பேசிக்கொண்டிருந்தோம்.

1989இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்த வெண்டி காப் தன் பட்ட ஆய்வேட்டில் முன்வைத்த யோசனை இது. வங்கிகள் கல்லூரி வாசலுக்கே வந்து இரண்டு ஆண்டு வேலைக்கு ஆள் எடுக்கின்றன. மிக நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் அதில் போய் விழுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏன் அதேபோல ஆள் எடுக்கக் கூடாது? 1990இல் முதல் அணியில் சுமார் 500 பேர், லாஸ் ஏஞ்சலீசில் கோடைப் பயிற்சி. ஆசிரியர் அணி என்ற யோசனை அதற்கு முன்பே இருந்தது. லிண்டன் ஜான்சன் ஆட்சியில் 1965இல் தேசிய ஆசிரியர் படை ஒன்று தொடங்கி, 1980களின் தொடக்கத்தில் கலைந்துபோனது. காப் புதிதாகக் கொண்டுவந்தது தேர்வின் கடுமையை. இடம் கிடைப்பதே பெருமை என்று ஆக்கினார். 2008இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு வங்கி வேலைகள் சுருங்கியபோது கூட்டம் அலைமோதியது. 2010இல் 46,000 பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். 2013இல் புதிதாகச் சேர்ந்தவர்கள் ஏறக்குறைய 6,000 பேர். பிறகு வேலைச்சந்தை தேறியது, பள்ளிகளைப் பற்றிய அரசியல் சண்டைகளும் கூடின. 2022இல் சேர்ந்தவர்கள் 2,000ஐக்கூட எட்டவில்லை. நம் நாட்டில் 2009இல் மும்பையிலும் புணேயிலும் தொடங்கி, பின்னர் சென்னைக்கும் வந்த 'டீச் ஃபார் இந்தியா'வும் இதே வழியில் பிறந்ததுதான்.

தன்னைச் சேர்த்த விதத்தை என் தங்கை மகள் சொன்னாள். கல்லூரியில் ஏதாவது சங்கத்துக்குத் தலைவராகவோ, விளையாட்டு அணித் தலைவராகவோ இருக்கிறவர்களின் பட்டியலை ஆள்சேர்ப்பவர்கள் முன்கூட்டியே தயாரித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம், பிறகு ஒரு காப்பிக்கடைச் சந்திப்பு. எதிரே உட்காருகிறவர் இரண்டு ஆண்டு வகுப்பெடுத்துவிட்டு வந்த, தன்னைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர். "அவங்க சம்பளத்தைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. அவங்க வகுப்புல ஒரு பொண்ணு வகுத்தல் கத்துக்கிட்ட கதையைச் சொன்னாங்க. நான் அன்னைக்கு ராத்திரியே அப்ளை பண்ணிட்டேன்."

பிறகு ஐந்தாறு வாரப் பயிற்சி. காலையில் கோடைப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம், இரவில் மறுநாள் பாடத்துக்குத் திட்டம். ஆகஸ்ட் முதல் வாரத்தில் வகுப்பறைக் கதவு. என்னால் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நம் ஊரில் பட்டம் முடித்து, பி.எட். முடித்து, தகுதித் தேர்வு எழுதி, அதற்கப்புறமும் பணி ஆணைக்குக் காத்துக் கிடக்கிறார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுப் பேரன் பேத்தி எடுத்தவர்களை எனக்குத் தெரியும். 2012இல் முதல் தகுதித் தேர்வு நடந்தபோது லட்சக்கணக்கானோர் எழுதினார்கள். நம்மிடம் வரிசை நீளம், நாற்காலி குறைவு. இங்கே நாற்காலி காலியாகக் கிடக்கிறது, உட்கார ஆளைத் தேடிக் கல்லூரி கல்லூரியாக அலைகிறார்கள். ஆனால் ஓர் இடத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான். ஜவ்வாது மலைப் பள்ளிக்கு ஆணை வாங்கிப் போகிறவர் அன்றைக்கே இடமாறுதல் கலந்தாய்வை எண்ணத் தொடங்கிவிடுகிறார். மலைப்பிள்ளைக்கும் டெல்டாப் பிள்ளைக்கும் போகிற முதுகுதான் பழக்கம்.

கிளீவ்லாந்தை ரயில்பாதை இரண்டாக வகுந்திருந்தது. கிழக்கே கறுப்பினத்தவர் குடியிருப்பும் அவர்கள் பள்ளியும், மேற்கே வெள்ளையர் குடியிருப்பும் அவர்களுக்கென்று கட்டப்பட்ட பள்ளியும். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். இந்த ஊர்ப் பெற்றோர் வழக்குப் போட்டது 1965இல். இரண்டு உயர்நிலைப் பள்ளிகளையும் ஒன்றாக்கச் சொல்லிக் கூட்டாட்சி நீதிமன்றம் உத்தரவிட்டது 2016இல்! 2017 ஆகஸ்டில்தான் ஒரே பள்ளியாகத் திறந்தார்கள். தண்டவாளம் போன தடத்தில் இப்போது மரங்களும் நடைபாதையும் இருக்கின்றன. சாயங்காலம் அதில் நடந்தோம்.

ரூல்வில்

ஃபேனி லூ ஹேமரின் சமாதியும் சிலையும் இருக்கும் ஊர். 1917இல் பிறந்தவர். பங்குக்கு உழுத குடும்பத்தில் 20 பிள்ளைகளில் கடைக்குட்டி. ஆறு வயதில் பருத்திக்காட்டில் இறக்கிவிட்டார்கள். அந்த நாளில் டெல்டாவின் கறுப்பினப் பள்ளிகளின் நாள்காட்டியைப் பருத்திதான் எழுதியது. களை எடுக்கவும் பருத்தி எடுக்கவும் ஆள் தேவைப்பட்ட மாதங்களில் பள்ளியை மூடிவிடுவார்கள். ஹேமர் சில வகுப்புகளோடு நின்றுவிட்டார். 1962இல் வாக்காளராகப் பதிய இண்டியனோலாவுக்குப் போனார் என்பதற்காக, பல ஆண்டுகள் உழைத்த தோட்டத்தை விட்டே அவரைத் துரத்தினார்கள். அவர் அடங்கவில்லை. நாடு முழுதும் அவர் குரலைக் கேட்டது.

1964 கோடையில் வட மாநிலங்களின் கல்லூரிப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மிசிசிப்பிக்கு வந்தார்கள். வாக்காளர் பதிவுக்கும், 'சுதந்திரப் பள்ளி'களில் பாடம் சொல்லவும். அப்படிச் சுமார் 40 பள்ளிகள் தேவாலயங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மரத்தடிகளிலும் நடந்தன. கோடை தொடங்கும்போதே சேனி, குட்மன், ஷ்வெர்னர் என்ற மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் மற்றவர்கள் வந்தார்கள். அந்த நினைவிலேயே 1998இல், 'டீச் ஃபார் அமெரிக்கா' மூலம் இந்த மாவட்டத்துக்கு வந்து தங்கிவிட்ட ஆசிரியர்கள் சிலர் 'சன்ஃபிளவர் கவுண்டி சுதந்திரத் திட்டம்' என்று ஒரு மாலைப் பள்ளியைத் தொடங்கினார்கள்.

சிலையருகே நின்றிருந்தபோது எனக்கு எங்கள் அறிவொளி இயக்கம் நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், தீப்பெட்டி ஒட்டிக் கைரேகை தேய்ந்த பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த இளைஞர்களில் பெரும்பாலோர் அதே தெருப் பிள்ளைகள். 2021இல் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யிலும் அப்படித்தான். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்குத் தன் வீட்டு வாசலில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்தவர்கள் பெரும்பாலும் அந்தந்தத் தெருப் பெண்கள். அவர்களில் எத்தனையோ பேரைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பாடம் சொல்லும் முறையில் குறை இருக்கும். ஆனால் எந்தப் பிள்ளை எதனால் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

இண்டியனோலாவைத் தாண்டி

இண்டியனோலாவில் புளூஸ் இசைக்கலைஞர் பி.பி. கிங்கின் அருங்காட்சியகம் இருக்கிறது. பள்ளிகளில் இனங்கள் கலப்பதைத் தடுப்பதற்காக வெள்ளையர் குடிமக்கள் மன்றம் 1954 ஜூலையில் தொடங்கப்பட்டதும் இதே ஊரில்தான். 1969இல் உச்ச நீதிமன்றம் இனிமேல் ஒரு நாள்கூடத் தாமதம் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னபோது, டெல்டாவின் வெள்ளையர் குடும்பங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளிலிருந்து எடுத்துத் தனியார் 'அகாடமி'களில் சேர்த்தன. இன்றும் அநேக ஊர்களில் அந்தப் பிளவு அப்படியே இருக்கிறது. அரசுப் பள்ளியில் கிட்டத்தட்ட எல்லாரும் கறுப்பினப் பிள்ளைகள், எல்லாரும் ஏழைகள். நிலம் வைத்திருப்பவரின் பிள்ளை வேறு பள்ளியில் படிக்கும்போது, அந்த நிலத்தின் வரியில் நடக்கிற பள்ளியின் கூரை ஒழுகுவது அவருக்கு எப்படி உறைக்கும்?

மதியம் கெளுத்தி மீன். சோளமாவில் புரட்டிப் பொரித்தது. இந்த வட்டாரத்தில் பழைய பருத்தி வயல்கள் பல கெளுத்திக் குளங்கள் ஆகியிருக்கின்றன. கூடவே பொரித்த வெண்டைக்காய். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல்களில் வந்தவர்களோடு வந்து சேர்ந்த காய். எங்கள் வீட்டு வெண்டைக்காய்ப் பொரியலை விரும்பாத என் தங்கை மகள், இங்கே ஒரு தட்டைத் தனியாக முடித்தாள்.

அவளுடைய வகுப்பறை

பள்ளியின் பெயரும் ஊரின் பெயரும் வேண்டாம். ஒற்றை மாடிச் செங்கல் கட்டடம், பின்னால் வயல், பருத்திச் சக்கை காற்றில் பறந்து ஜன்னல் வலையில் ஒட்டியிருந்தது. 24 பிள்ளைகள். பின்னம் நடந்துகொண்டிருந்தது. காகிதப் பட்டைகளை வெட்டி, மூன்றில் இரண்டும் ஆறில் நான்கும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். பொருந்தியதும் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தே நின்றுவிட்டான். அந்த நொடி எந்த நாட்டு வகுப்பிலும் ஒன்றுதான். முப்பத்து சொச்சம் ஆண்டு அந்த நொடிக்காகத்தான் நான் பேருந்து ஏறினேன்.

வகுப்பில் இன்னொருவர் இருந்தார். உதவி ஆசிரியை. நாற்பதைத் தொடும் வயது, இதே பள்ளியில் படித்தவர். ஒரு சிறுமி மேசையில் தலை கவிழ்த்தபோது என் தங்கை மகள் அவளை எழுப்பப் போனாள். இவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அந்தப் பிள்ளையின் பாட்டி முந்தின இரவு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டது அவருக்குத் தெரியும். இடைவேளையில் பிள்ளைகள் கூல்-எய்டு சர்பத்தில் ஊறிச் சிவந்த வெள்ளரி ஊறுகாயைக் கடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி எனக்கும் பாதி பிய்த்துத் தந்தாள். புளிப்பும் இனிப்பும் உப்பும் ஒரே கடியில்.

ஆசிரியர் அறையில் மூத்த ஆசிரியை ஒருவரிடம் பேசினேன். மூன்றாம் வகுப்பு எடுக்கிறார், ஓய்வுக்குப் பக்கத்தில் இருக்கிறார். என் வேலையும் அதுதான் என்று தெரிந்ததும் நாற்காலியை இழுத்து அருகில் போட்டுக்கொண்டார்.

"ஒவ்வொரு ஆகஸ்டிலும் புதுப் பிள்ளைகள் வருகிறார்கள். கெட்டிக்காரர்கள். அக்டோபரில் அழுவார்கள், நான் தண்ணீர் கொடுப்பேன். பிப்ரவரியில் கால் ஊன்றிவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு நல்ல ஆசிரியர் ஆகிவிடுவார்கள். மே மாதம் பிரிவு விருந்து வைப்போம். எத்தனை கேக் வெட்டியிருக்கிறேன் தெரியுமா?" கோபமாக அவர் சொல்லவில்லை. "அவர்கள் வராவிட்டால் அந்த வகுப்பில் நிரந்தரப் பதிலாள்தான் இருப்பார். அதனால் வரவேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன்."

அவர் சொன்னதை ஆய்வுகளும் சொல்கின்றன. மேத்தமேட்டிகா நிறுவனம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இப்படி வந்த ஆசிரியர்களிடம் படித்த பிள்ளைகள் கணக்கில் சற்றுக் கூடுதலாகவும் வாசிப்பில் மற்றவர்களுக்குச் சமமாகவும் தேறியிருந்தார்கள். ஆகவே இவர்கள் திறமை இல்லாதவர்கள் என்ற பேச்சு நிற்காது. ஆனால் ஆய்வாளர்கள் இருவர் 2011இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, இரண்டு ஆண்டு முடிந்ததும் பாதிக்கு மேற்பட்டோர் முதலில் அமர்த்தப்பட்ட பள்ளியை விட்டுப் போய்விட்டதையும், ஐந்தாம் ஆண்டில் அதே பள்ளியில் இருந்தவர்கள் சுமார் 15 சதவீதம்தான் என்பதையும் காட்டியது. தொழில் கைவசமாகிற நேரத்தில் கை மாறிவிடுகிறது.

மூத்த ஆசிரியை சுவரில் ஒட்டியிருந்த எழுத்தொலி அட்டைகளைக் காட்டினார். மிசிசிப்பி 2013இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தெரியாத பிள்ளையை மேலே தள்ளிவிடக் கூடாது. சட்டத்தோடு நிறுத்தவில்லை. இருக்கிற ஆசிரியர்களுக்கே வாசிப்பு கற்பிக்கும் அறிவியலில் நீண்ட பயிற்சி கொடுத்தார்கள், பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பி வகுப்பறைக்குள்ளேயே உட்காரவைத்தார்கள். கடைசி வரிசையில் கிடந்த மாநிலம் 2019இல் நான்காம் வகுப்பு வாசிப்பில் தேசியச் சராசரியை எட்டிப் பிடித்தது. "நாங்கள் எப்போதும் இங்கேதான் இருந்தோம். எங்களுக்கு யாரும் அதுவரை இப்படிச் சொல்லித் தரவில்லை" என்றார். ஏறக்குறைய இதே சொற்களில் என் சக ஆசிரியைகள் பேசிக் கேட்டிருக்கிறேன்.

இந்தப் பயணத்தில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்: ஆள் சேர்ப்பதில் செலவழிக்கிற அறிவையும் பணத்தையும் ஆளைத் தங்கவைப்பதில் செலவழிக்க வேண்டும். பிரின்ஸ்டனின் காப்பிக்கடையில் தேடுகிற அதே முனைப்போடு இந்தப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடத்திலும் தேட வேண்டும். மிசிசிப்பியும் மெல்ல அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. 2022இல் புதிய ஆசிரியரின் ஆண்டுச் சம்பளத்தை 41,000 டாலருக்கு மேல் உயர்த்தினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கே படிப்புச் செலவைக் கொடுத்து, அனுபவமுள்ள ஓர் ஆசிரியரின் வகுப்பில் ஓராண்டு இருத்தி, ஆசிரியர் ஆக்குகிற திட்டமும் நடக்கிறது.

ஞாயிறு, தேவாலயத்துக்குப் பின்

அந்த உதவி ஆசிரியை எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். காலையில் அவர்கள் தேவாலயத்தில் பாட்டும் கைத்தட்டலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. வீட்டில் அவருடைய அம்மா சமைத்து வைத்திருந்தார்: இறைச்சித் துண்டு போட்டு வேகவைத்த கீரை, சோள ரொட்டி, பாலாடைக்கட்டி உருகிய மக்ரோனி, சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பணியாரத் தட்டு ஒன்று. அம்மாவுக்கு எண்பது வயது. சிறுமியாக இருந்தபோது அக்டோபரில் பள்ளி இருக்காது என்று அவரே சொன்னார். கோணிப்பையை இழுத்துக்கொண்டு சால் சாலாகப் போவாராம். நான் எங்கள் ஊர் மடி கட்டுவதைத் துண்டை வைத்துக் காட்டினேன். கையால் தடவிப் பார்த்துவிட்டு, தானும் ஒரு முறை கட்டிப் பார்த்தார்.

மேசையைத் துடைத்ததும் மகள் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்து வந்தார். ஆசிரியர் உரிமத்துக்கான 'பிராக்ஸிஸ்' தேர்வு. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் முடித்துவிட்டார். வாசிப்புத் தாள் தேறிவிட்டது, கணக்குத் தாள் நிற்கிறது. ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் கட்ட வேண்டும், உதவி ஆசிரியை சம்பளத்தில் அது கனம்தான். ஞாயிறு பிற்பகல்களில் என் தங்கை மகள் அவருக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். வார நாட்களில் அவர் இவளுக்கு வகுப்பை நடத்தக் கற்றுக்கொடுக்கிறார்.

"அப்போ மே மாசம்?" என்று தமிழில் கேட்டேன்.

"மூணாம் வருஷமும் இருக்கேன்னு பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன் பெரியம்மா. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை, நீங்களே பக்குவமா சொல்லுங்க. இவங்க பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கினா இந்த கிளாஸ் இவங்களோடது. நான் அஞ்சாம் வகுப்புக்குப் போயிடுவேன். அங்கேயும் ஆள் இல்லை."

தேர்வு டிசம்பரில். வடிவியல் இன்னும் தகராறு செய்கிறது என்றார் அவர். எனக்கு வடிவியல் வரும் என்றேன். மூவருமாக நாற்காலியை ஒரு பக்கம் போட்டுக்கொண்டு சாய்சதுரத்தின் பரப்பளவிலிருந்து தொடங்கினோம்.